தாய்ப்பால் எடுக்கும் கருவி: எண்ணிக்கை ஒன்று

அப்ரா கேட்டது பத்து நிமிடத்தில் தீரக்கூடிய ஒரு கேள்வி. அதை இரண்டரை மாதத்துக்கு நீட்டிய பெருமை அவளுடைய கணவன் றிகாஸையே சேரும். பின்னால் ஒரு பணிப்பாளரும், ஏழு பேர் கொண்ட குழுவும், இரண்டு சட்டி தயிரும் இதில் வந்து சேர்ந்தது உண்மைதான். ஆனால் வாசல் வரை போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தவன் அவன்.

நுஸ்கிக்கு அப்போது மூன்றரை மாதம். அப்ராவின் பேற்று விடுமுறை முடிய மூன்று கிழமை இருந்தது. டின் பாலை அவன் வாயில் வைத்தால், வைத்தவரின் முகத்துக்கே திருப்பி அனுப்புவான். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் தவிர வேறு ஒன்றும் கூடாது என்று மிட்வைஃப் மிஸ் அவனுடைய நிறை அட்டையில் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு அடித்துவிட்டுப் போயிருந்தார். வீடு கிண்ணியாவில். வேலை பாலத்துக்கு அங்கால், திருகோணமலை டவுனில், உட்துறைமுக வீதியில். காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் திரும்பி வர ஐந்தரை. அப்ராவின் தங்கை ஸஹ்ரா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்ததால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பால்தான் இல்லை. அதை எடுத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். வேலை இடத்திலும் இடையில் எடுக்கவேண்டும்; எடுக்காவிட்டால் நெஞ்சு கல்லாகும், பிறகு பாலும் வற்றிப்போகும்.

"பாமசில ரெண்டு வகை இரிக்காம்," என்றாள் அப்ரா. "கையால அமத்துறது ஒண்டு, கரண்டுல ஓடுறது ஒண்டு. எத வாங்குவம்?"

சாதாரணக் கணவன் என்றால் இரண்டில் ஒன்றைச் சொல்லி, அது பிழைத்தால் ஏச்சு வாங்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பான். றிகாஸ் ஓர் அரச பணிமனையின் களஞ்சியக் காப்பாளன். ஆறு வருட சேவை.

"அவசரப்படாதீங்க," என்றான். "இத முறையாச் செய்வம்."

அப்ரா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். அவளும் அதே பணிமனையில் அபிவிருத்தி உத்தியோகத்தர். 'முறையாக' என்ற சொல்லின் நீளம் அவளுக்குத் தெரியும்.

றிகாஸ் ஒரு முழுத்தாளை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டான். பாரம், சத்தம், ஆயுட்காலம், உதிரிப்பாகங்கள், மின்வெட்டின்போது நடத்தை என்று ஒன்பது தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. ஒரு மணித்தியாலம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் கையால் அமத்துவதற்கும் எழுபத்தொன்று, கரண்டுக்கும் எழுபத்தொன்று.

அப்ரா தாளை வாங்கிப் பார்த்தாள். "நோகுமா நோகாதா எண்டு ஒரு கோடும் போடல்லியே நீங்க."

அதற்குத் தாளில் இடமிருக்கவில்லை.

*

அவர்கள் வேலை செய்த இடத்தின் பெயர் துறைமுகச் சூழல் ஒருங்கிணைப்புப் பணிமனை. துறைமுகத்தைப் பார்ப்பது வேறு திணைக்களம். சூழலைப் பார்ப்பது இன்னொரு திணைக்களம். இரண்டும் ஒருங்கிணைந்துவிட்டனவா என்று மாதம் ஒருமுறை கடிதம் போட்டுக் கேட்பது இந்தப் பணிமனை. பதில் வராவிட்டால் நினைவூட்டல் போகும். பதில் வந்த வரலாறு இல்லாததால் ஊழியர்களுக்கு ஒருபோதும் வேலை குறைந்ததில்லை.

றிகாஸின் கடமை, பணிமனைக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வெள்ளை எனமல் பெயின்றால் இலக்கம் அடிப்பது. கதிரைக்கு முதுகில், மேசைக்கு நெற்றியில், அலுமாரிக்குக் கதவில். குசினிக் கேத்திலுக்கும் உண்டு, சுவர் மணிக்கூட்டுக்கும் உண்டு. மெல்லிய தூரிகையால் நடுங்காமல் எழுதுவான். பக்கத்துத் திணைக்களத்தில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். முற்றத்தில் மேய வரும் மான்களுக்கு மட்டும் இலக்கம் இல்லை. அவை நிற்பதில்லை.

அந்தக் கிழமைதான் மேலிடத்திலிருந்து 'தாய்மாருக்கு உகந்த பணித்தலம்' என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தாய்மாருக்கு வேண்டிய உபகரணத்தை நிறுவனமே வாங்கிக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. றிகாஸ் அதை இரண்டு தரம் வாசித்தான். மனைவிக்குப் பம்பும் வரும், பணிப்பாளரிடம் தனக்கு நல்ல பெயரும் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் பார்த்த ஆர்வத்தில் விண்ணப்பத்தை மூன்று பிரதியில் எழுதிக்கொடுத்தான்.

பணிப்பாளர் வீரசிங்கம் உடனே குழு அமைத்தார். ஏழு பேரும் ஆண்கள். கூட்டறிக்கை எழுத முகாமைத்துவ உதவியாளர் கஜந்தினி. 'தாய்ப்பால் உபகரணக் கொள்வனவுக் குழு' என்று றிகாஸ் வைத்த பெயரில் முதற் சொல் சபைக்கு ஒவ்வாது என்று பணிப்பாளர் அதை வெட்டினார். 'மேற்படி உபகரணக் கொள்வனவுக் குழு' என்றாயிற்று. மேலே ஒன்றும் இல்லாததால், எது மேற்படி என்று தெரியாமலே நாலு பேர் சம்மதக் கையொப்பம் வைத்தார்கள்.

"தாய்மை எண்டது ஒரு தேசிய வளம்," என்று பணிப்பாளர் தொடங்கினார். "என்ர அம்மாவுக்கு ஒன்பது பிள்ளையள். ஒரு உபகரணமும் இருக்கேல்லை. அவவுக்கு அது ஒரு கஷ்டமாவே தெரியேல்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனா நான் பழைய ஆள் இல்லை. ஆனபடியால் இதை நான் முழு மனதோட ஆதரிக்கிறன். கேள்வி என்னெண்டால், கையோ கரண்டோ? கையால இயக்கிற சாமான் எண்டால், அலுவலக நேரத்தில ஒரு உத்தியோகத்தரின்ர கை சொந்த வேலையில ஈடுபடுது. கரண்ட் எண்டால் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கையால பைல் பார்க்கலாம்."

உள்ளகக் கணக்காய்வு உத்தியோகத்தர் ஸைனுலாப்தீன் தொண்டையைச் செருமினார். "சேர், கரண்ட் அரசாங்கத்திட. பால் தனியார்ட. அரசாங்கக் கரண்டால தனியார் பால எடுத்தா நான் கேள்வி எழுப்ப வேண்டி வரும். கையெண்டா கேள்வி இல்ல. கை அவவுட சொந்தம்."

"அலுவலக நேரத்தில கை ஆற்றை சொந்தம் எண்டதுதானே ஐசே பிரச்சினை?"

இதில் முக்கால் மணித்தியாலம் போயிற்று. கஜந்தினி இரண்டு பிள்ளைகளின் தாய். பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "சேர், பாவிக்கப்போறது அப்ரா மிஸ்தானே. இப்ப லீவில வீட்டில இருக்கிறா. அவவுக்கே ஒரு போன் எடுத்துக் கேட்டால் என்ன?"

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை," என்றார் பணிப்பாளர், மிகுந்த கனிவோடு, "பயனடையப் போறவரைக் கேட்டு முடிவெடுத்தால் அதுக்குப் பெயர் பக்கச்சார்பு. அதை எழுத வேண்டாம். தேத்தண்ணி வந்திட்டுதோ எண்டு பாரும்."

றிகாஸ் எழுந்து நின்றான். எல்லோரும் பார்த்தார்கள். பயனாளி தன் மனைவி என்பதாலும், நுகரப்போகிறவர் தன் மகன் என்பதாலும், தான் இவ்விடயத்தில் கருத்து எதுவும் கூறாமல் ஒதுங்கி இருப்பதாக அறிவித்தான். சபை மேசையைத் தட்டிப் பாராட்டியது. வீட்டுக்குப் போய் அதை அப்ராவிடம் சொன்னபோது அவளும் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தது அவனுடைய அப்பாவித்தனம்.

*

இரண்டு முறையையும் நேரில் ஒப்பிட்டு அறிய ஒரு களப்பயணம் தேவை என்று குழு முடிவு செய்தது. அப்ரா வேலைக்குத் திரும்பிய முதல் நாளிலேயே வேன் புறப்பட்டது. மூதூரைத் தாண்டி, வெருகல் பக்கமாக ஈச்சிலம்பற்றுக்கு. அங்கே கையால் கறக்கும் மாட்டுப்பட்டி ஒன்றும், கொஞ்சம் தள்ளி மெசினால் கறக்கும் பட்டி ஒன்றும் இருந்தன.

ஏழு பேரும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடுகளைப் பார்த்தார்கள். மாடுகளும் அவர்களைப் பார்த்தன. ஒரு மாடு அன்று பால் விட மறுத்தது.

"சேர், உங்களக் கண்டு வெருண்டிட்டுது," என்றார் பட்டிக்காரர். "கண்டுக்குட்டியக் கிட்டக் கொண்டு வந்தாத்தான் இது சுரக்கும். கையும் மெசினும் பிறகுதான்."

'கன்று அவசியம் எனத் தெரிகிறது. மேலதிக ஆய்வுக்கு விடப்படுகிறது' என்று ஸைனுலாப்தீன் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் றிகாஸின் மடியில் ஒரு தயிர்ச் சட்டி, கையில் ஒரு தயிர்ச் சட்டி. அவன் சட்டைப் பையில் போன் நாலு தரம் அடித்தது. எடுக்கக் கையில்லை. கையால் இயக்கும் உபகரணத்தின் குறைபாடு அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

அழைத்தது அப்ரா. பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவளுக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது. பணிமனைக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே கையால் பிழிந்து கை கழுவும் தொட்டியில் விட்டாள். வெளியில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில், அவள் விடியக்காலையில் பிழிந்து வைத்துவிட்டுப் போன பால் பத்து மணிக்கே முடிந்திருந்தது. ஸஹ்ரா பிள்ளையைத் தோளில் போட்டு ஐந்து மணி வரைக்கும் ஒழுங்கையில் நடந்திருந்தாள்.

றிகாஸ் தன் பங்குச் சட்டியை மேசையில் வைத்தான்.

ஸஹ்ரா எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சான், களப்பயணத்தில எடுத்த பால் இதானா? இவனுக்குக் கரண்டி வேணுமா, சீனி வேணுமா?"

நுஸ்கி குரல் கம்மி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அப்ரா அவனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "பாமசில நானே வாங்கட்டா?"

"இந்தக் கிழமை வந்துரும்," என்றான் றிகாஸ். "குழுட பரிந்துரை மட்டுந்தான் பாக்கி."

அடுத்த கிழமையும் இதையே சொன்னான். அதற்கடுத்த கிழமை மிட்வைஃப் மிஸ் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். அட்டையில் அதுவரை நன்றாக ஏறிக்கொண்டிருந்த கோடு, களைத்துப் படுத்தது போல நேராகக் கிடந்தது. "என்ன உம்மா இது?" என்று கேட்டார். அப்ரா றிகாஸைப் பார்த்தாள். றிகாஸ் அட்டையின் மூலையில் இலக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

*

குழு கடைசியில் கரண்டைத் தேர்ந்தெடுத்தது. காரணம் கையுமல்ல, பைலுமல்ல, மாடுமல்ல.

"திறந்து வைக்கிறதுக்கு ஒரு சுவிட்ச் வேணும் ஐசே," என்றார் பணிப்பாளர். "கையால அமத்துற சாமானை மேடையில வைச்சு நான் என்னெண்டு திறந்து வைக்கிறது?"

இதை யாராலும் மறுக்க முடியவில்லை.

பழைய காகிதாதிகள் அறையைத் துப்புரவாக்கி, ரோஸ் நிறம் அடித்து, வாசலில் பளிங்கு நினைவுக்கல் பதித்தார்கள். கல்லில் பணிப்பாளரின் பெயர் தொட்டிலளவுக்கு இருந்தது. அறை அதைவிடக் கொஞ்சம் பெரியது. விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் பெட்டி றிகாஸின் களஞ்சியத்துக்கு வந்தது. அவன் பெட்டியைத் திறந்தான். கைக்கடக்கமான மோட்டர், மெல்லிய குழாய், ஒரு போத்தல், புனல் மாதிரி விரிந்த கண்ணாடி நிறக் கிண்ணம். மகனுக்கு வந்த சாமான். அவனுக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு, பெயின்ற் டப்பாவைத் திறந்தான்.

விதி என்னவென்றால், இலக்கம் தெளிவாகத் தெரியும் இடத்தில் இருக்கவேண்டும். மோட்டர் சின்னது. போத்தலில் அளவுக்கோடுகள். எஞ்சியது கிண்ணம். அதன் வெளிப்பக்கம் வளைவு, எழுத்து நெளியும். ஆறு வருடத்தில் அவன் ஒரு நெளிந்த எழுத்தும் எழுதியதில்லை. எனவே உட்பக்கத்தில் எழுதினான். பணிமனையின் சுருக்கப் பெயர், நலன்புரிப் பிரிவு, வருடம், தொடரிலக்கம். நீளம் கூடியதால் விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி இறங்கி, கடைசி எழுத்து சரியாகத் துவாரத்தின் வாயில் வந்து நின்றது. காய்ந்த பின் இரண்டாவது பூச்சும் கொடுத்தான். பால் போகும் ரப்பர் மூடி கழன்றுபோகும் பாகம் என்பதால் அதற்கும் ஒரு புள்ளி வைத்தான். அதில் மூடி ஒட்டிக்கொண்டது. அவ்வளவு அழகான வேலையை அவன் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

விழாவில் பணிப்பாளர் சுவிட்சை அழுத்தினார். யாரிலும் பொருத்தப்படாத உபகரணம் இர்ர்ர் என்று காற்றை இழுத்தது. சபை எழுந்து கைதட்டியது. படம் எடுக்க அப்ராவை முன்னால் அழைத்து அதைக் கையில் கொடுத்தார்கள். அவள் கமராவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"இது யாரு எழுதின?" என்று உதடசையாமல் கேட்டாள்.

"நான்தான்," என்றான் பக்கத்தில் நின்ற றிகாஸ்.

"உள்ளுக்கா?"

"வெளிய வளைவு. எழுத்து நெளியும்."

கமரா இன்னொரு தரம் மின்னியது.

"இதுல பால் எடுத்தா பெயின்ற்றும் சேந்து போத்தலுக்குள்ள வரும். தெரியுமா?"

றிகாஸ் குனிந்து பார்த்தான். அந்தக் கிண்ணம் எங்கே வைக்கப்படும், அதற்குள்ளால் என்ன வரும், அது யாருடைய வாய்க்குப் போகும் என்பதெல்லாம் அவனுக்கு நேற்றும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கையில் தூரிகை இருந்தபோது அது ஒரு பொருள். பொருளுக்கு இலக்கம் வேண்டும்.

"புள்ளட முதுகுலயும் ஒண்டு அடிச்சிருங்க," என்றாள் அப்ரா. "களவு போகாம இரிக்கும்."

பின்வரிசையிலிருந்து ஸைனுலாப்தீன் எட்டிப் பார்த்து, "எழுத்து நல்ல தெளிவு, றிகாஸ்," என்றார்.

*

அடுத்த திங்கட்கிழமை ஸஹ்ரா நுஸ்கியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் பாலம் தாண்டி பணிமனைக்கே வந்துவிட்டாள். வாசலில் காவலாளி யோகலிங்கம் வருகைப் புத்தகத்தை விரித்தார்.

"பேர்?"

"ஸஹ்ரா."

"அது உங்கட பேர். இவருக்கு?"

"நுஸ்கி."

"அடையாள அட்டை இலக்கம்?"

"அண்ணே, இவனுக்கு நாலே முக்கா மாசம்."

"அப்ப இல்லையெண்டு போடுவம். வந்த நோக்கம்?"

"சாப்பாடு."

யோகலிங்கம் எழுதினார். கையொப்பம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல மனிதர், ஓடிப்போய் மைப்பெட்டி எடுத்து வந்து, நுஸ்கியின் கட்டைவிரலை மெதுவாகத் தொட்டு ஒற்றிக்கொண்டார். நுஸ்கி விரலை வாயில் வைத்தான். நாக்கு நீலமாயிற்று. அந்த நேரம் ஒரு பெண்மான் குட்டியோடு கேற்றால் உள்ளே வந்து, நேரே நினைவுக்கல்லுக்கு முன்னால் போய் நின்றது. குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழ் தலையை விட்டு முட்டி முட்டிக் குடித்தது.

"அதுக்குப் புத்தகம் இல்லியா?" என்று ஸஹ்ரா கேட்டாள்.

"அதுகள் கையெழுத்து வைக்காது, பிள்ளை."

ரோஸ் அறை பூட்டியிருந்தது. மாகாணத்திலிருந்து பார்வையிட வரும் வரைக்கும் அழுக்காகக் கூடாது என்று பூட்டின் திறப்பு பணிப்பாளரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. அப்ராவும் றிகாஸும் போய் நின்றார்கள்.

"அறை பால் எடுக்கிறதுக்கு," என்றார் பணிப்பாளர். "குடிக்கிறதுக்கு எண்டு சுற்றறிக்கையில இல்லை. குடிக்கிற அலுவல் எண்டால் அது கன்ரீனுக்குக் கீழ வரும்."

கன்ரீனில் முப்பது பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், சுற்றறிக்கைக்குத் திருத்தம் கேட்டு ஒரு கடிதம்..." என்று றிகாஸ் தொடங்கினான்.

அப்ரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கான சொல் அவளுக்கு அறைக்கு வெளியே வந்த பிறகுதான் கிடைத்தது. "நீங்க இனி ஒண்டும் செய்யாதீங்க. அல்லாஹ்வுக்காக, ஒண்டுமே செய்யாதீங்க."

அவள் ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஸஹ்ரா ஒரு பக்கத்தைச் சாலால் மறைத்தாள். மறுபக்கத்தைக் கஜந்தினி வந்து தன் சேலைத் தலைப்பால் மறைத்தாள். ஓட்டோக்காரர் இறங்கிப்போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். றிகாஸுக்கு மறைக்க எந்தப் பக்கமும் மிஞ்சவில்லை.

ஒன்றும் செய்யாதே என்பது ஆறு வருடத்தில் அவனுக்குக் கிடைத்த உத்தரவுகளிலேயே இலகுவானது. அதை அவன் முறையாக நிறைவேற்றினான். ஸஹ்ரா அதற்குப் பிறகு பிள்ளையைக் கொண்டு வரவில்லை. டின் பாலுக்குப் பழக்கிவிட்டார்களாக்கும் என்று நினைத்தான். கேட்கப் பயமாக இருந்தது. காலையும் மாலையும் அப்ராவை மோட்டச்சைக்கிளில் ஏற்றி இறக்கினான். அவள் கொடுக்கும் சாப்பாட்டுப் பையை ஹாண்டிலில் கொழுவினான். பை வழமையைவிடப் பாரமாகவும் குளிராகவும் இருந்தது. அதையும் கேட்கவில்லை.

*

ஐந்து கிழமை கழித்து மாதாந்த முன்னேற்ற அறிக்கை தயாரானது. மேற்படி உபகரணம்: ஒன்று. எதிர்பார்க்கப்பட்ட உற்பத்தி: பன்னிரண்டு லீற்றர். அடையப்பட்டது: பூச்சியம்.

பணிப்பாளர் அப்ராவுக்கு விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பினார். நிறுவனம் இத்தனை வசதி செய்து கொடுத்தும் உற்பத்தியில் ஈடுபடத் தவறியமைக்காக ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. கடிதத்தோடு பைல் றிகாஸின் மேசைக்கு வந்தது. 'உபகரணம் பாவனைக்கு உகந்த நிலையில் உள்ளதென உறுதிப்படுத்துகிறேன்' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட வரிக்குக் கீழே களஞ்சியக் காப்பாளனின் கையொப்பம் மட்டும் வேண்டும்.

இந்த வரிக்குக் கீழே றிகாஸ் ஆறு வருடமாகக் கையொப்பம் வைத்து வந்திருக்கிறான். மூன்று கால் கதிரைக்கு வைத்திருக்கிறான். முள்ளில்லாத மணிக்கூட்டுக்கு வைத்திருக்கிறான். துறைமுகத்தின் அடியில் கிடக்கும் படகு இயந்திரம் ஒன்றுக்கும் வருடா வருடம் வைக்கிறான். அதன் இலக்கம் தண்ணீருக்குள்ளும் அழியாது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. இன்றும் வைத்தால், கருவி நல்லது, குறை அப்ராவில் என்றாகும். அவளுடைய பைலில் சிவப்பு மை விழும். வைக்காவிட்டால், அரச சொத்தைப் பழுதாக்கியவன் யார் என்ற கேள்வி வரும். அதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது அவனுடைய கதிரையில் உட்கார்ந்திருந்தது.

பேனையை எடுத்தான். எழுதினான். எழுத்து நெளிந்தது.

'மேற்படி உபகரணம் பாவனைக்கு உகந்ததல்ல. பால் படும் பகுதியில் எனமல் பெயின்ற் இரண்டு தரம் பூசப்பட்டுள்ளது. பூசியவர் கீழே கையொப்பமிட்டவர். பூசும்போது அவர் சுகதேகியாகவே இருந்தார். பால் தேவைப்பட்ட பிள்ளை அவருடையது. தாயில் எந்தக் குறையும் இல்லை.'

பணிப்பாளர் அதை நின்றுகொண்டே வாசித்தார்.

"நீர் உண்மையை எழுதினது நல்லம்," என்றார் கடைசியில். "ஆனா உண்மை எண்டால் அதுக்கும் ஒரு குழு போட வேணும். பெயின்ற்றை அகற்றுறதுதானே இனி அலுவல். கையால சுரண்டுறதோ, மெசினால சுரண்டுறதோ எண்டு ஆராய வேணும். நீர்தான் செயலாளர். முதற் கூட்டம் இருபதாந் திகதி."

இருபதாந் திகதி நுஸ்கிக்கு ஆறு மாதமும் ஒரு நாளும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த றிகாஸ், தான் செய்த வீரத்தை எப்படித் தொடங்கிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வழமையாக அப்ரா எடுத்துத் தரும் குளிர்ந்த தண்ணீரை அன்று தானே எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தான். நடுத்தட்டில் ஆறு சின்னப் போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பால். ஒவ்வொன்றிலும் அப்ராவின் எழுத்தில் திகதியும் நேரமும் ஒட்டியிருந்தன. பக்கத்தில் அவன் ஐந்து கிழமையாக ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு வந்த பை. உள்ளே ஐஸ்கட்டிப் பொட்டலம்.

"இது..."

"பால்," என்றாள் அப்ரா. நுஸ்கி அவள் இடுப்பில் இருந்தான். கன்னம் உருண்டிருந்தது. அது எப்போது உருண்டது என்று றிகாஸுக்குத் தெரியவில்லை. "கையால அமத்துறதுதான் வாங்கின. ஓட்டோவுல வெச்சுக் குடுத்தன் பாருங்க, அண்டைக்குப் பின்னேரமே. பாமசில பத்து நிமிசமும் ஆகல்ல. ஒபிஸில பைல் அறைக்குள்ள எடுக்கிற. கஜந்தினி மிஸ் கதவுல நிப்பா."

"ஆறு வருசத்தில முதல் தரம் இண்டைக்கு நான் 'உகந்தது' எண்டு கையெழுத்து வைக்கல்ல," என்றான் றிகாஸ்.

"கேள்விப்பட்டன். கஜந்தினி மிஸ் பைல் அறைக் கதவுல நிண்டு சொன்னா." அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "எழுத்து நெளிஞ்சிருந்திச்சாம்."

"ஓம்."

"நல்லதுதான்."

சுடுதண்ணீரில் போட்டு எடுத்த பம்ப், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் துணியில் காய்ந்துகொண்டிருந்தது. றிகாஸ் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். சுத்தமாக இருந்தது, உள்ளால் பார்த்தால் அப்பால் நின்ற நுஸ்கியின் முகம் தெரிந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றான்.

அப்ரா கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவனுடைய பெருவிரல் அதன் உட்பக்கத்தைத் தடவி, வெறும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்ததை அவள் கண்டுவிட்டாள்.

"சொன்னா நம்பர் அடிப்பீங்க."